மூன்றாவது படி பொய் சொல்லும்

தன் தொடரின் முப்பத்தோராம் அத்தியாயத்தைத் தொடர்கதைக்காரி முதன்முதலாகப் படித்தது, அது அச்சாகிக் கடைகளில் தொங்க ஆரம்பித்த பிறகுதான்.

பல் மருத்துவரின் வரவேற்பறை. புதன்கிழமை, காலை பத்தேகால். ஈறில் ஊசி போட்டு, "மரத்துப் போகட்டும், பத்து நிமிஷம் வெளியில உக்காருங்க" என்று அனுப்பியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் தன் வலியை மறந்து வார இதழில் மூழ்கியிருந்தார். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஓவியர் வரைந்திருந்த படம் தெரிந்தது. இரும்பு மாடிப்படி, அதில் ஒரு பெண்ணின் கால். அம்மாளை உள்ளே அழைத்தபோது மனசில்லாமல் இதழைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பெண் தப்பிப்பாளா மாட்டாளா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே போனார்.

தொடர்கதைக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. கூடவே ஒரு பெரிய கூச்சம். எடுத்துப் படித்தாள்.

'கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் அந்தப் படிக்கட்டு இருந்தது. மூன்றாவது படி பொய் சொல்லும். திடமாக நிற்பதுபோல் காட்டி, பாரம் ஏறியதும் சாயும். மேலே போனால் நீல டிரம். டிரம்முக்குப் பின்னால் கதவு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரில் டிரைவிங் ஸ்கூல் விளம்பரம். ஓட்டுகிறவனின் முகம் மட்டும் மழையில் கரைந்து போயிருந்தது. அவள் நாலரை மணிக்கு வருவாள். வந்ததும் விளக்கைப் போடமாட்டாள்.'

இரண்டு தடவை படித்தாள். பாதி வாய் ஏற்கெனவே மரத்திருந்தது. மீதி உடம்பும் மரத்துப் போனது.

அந்தப் படிக்கட்டு நிஜம். நீல டிரம் நிஜம். முகம் கரைந்த ஓட்டுநர் நிஜம். அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று மாதமாக ஒளிந்திருப்பது அவளுடைய சொந்தத் தங்கை. அவள் எங்கே இருக்கிறாள் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் தொடர்கதைக்காரிதான். இன்று காலை ஆறு மணிக்கு இதழ் கடைக்கு வரும்வரை.

*

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல அவள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதழ் வரும் நாளில் எல்லோரும் அதை வாங்கி, அதற்குள் தங்களைத் தேடுவார்கள். அவள் வீட்டில் நடப்பதைத்தான் எழுதுவாள், அது எல்லோருக்கும் தெரியும். கதையில் ஒரு கஞ்ச வீட்டுக்காரர் தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் குளித்தார் என்பதற்காகச் சித்தப்பா மூன்று வருஷம் பேசவில்லை. மாமியார் சாகும்வரை, "என் மூக்கை அந்தச் சூனியக்காரிக்கு வெச்சியே" என்று குத்திக்காட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மட்டும் சண்டை போட்டதில்லை. தங்கையின் புருஷனை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பெரிய கூரியர் கம்பெனியில் மேற்பார்வையாளர். கீழே அறுபது பையன்கள், ஊரில் அவன் அறியாத சந்து கிடையாது. கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு வாரம் விடாமல் தொடரைப் படித்தவன். எந்தப் பாத்திரத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்வான். அதே சிரிப்போடு தங்கையின் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவனும் அவன்தான்.

தங்கை முதல் தடவை வீட்டை விட்டு வந்தபோது காவல் நிலையத்துக்குத்தான் போனார்கள். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அவன் அழுதான். அன்று சாயங்காலம் தன் வண்டியிலேயே அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். அடுத்த பதினொரு நாளைப் பற்றித் தங்கை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இரண்டாம் தடவை வந்தபோது நேராக அந்தக் கடிகாரக் கடை மாடிதான்.

அன்றிலிருந்து தொடர்கதைக்காரியின் கை ஓடவில்லை. எந்தப் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அது தங்கையாக மாறியது. எந்த வீட்டை வர்ணித்தாலும் மாடிப்படி முளைத்தது. எழுதினால் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்ற பயம். நிறுத்தினாலும் ஆபத்து, எதற்காக நிறுத்தினாள் என்று அவன் யோசிப்பான். அப்போதுதான் கதை எழுதிக் கொடுக்கும் ஏஐ செயலி ஒன்று நினைவுக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஏஐக்குக் குடும்பம் இல்லை. தங்கை இல்லை. அது எழுதினால் யாரையும் காட்டிக்கொடுக்காது.

இருபத்திரண்டாம் அத்தியாயத்திலிருந்து அதுதான் எழுதியது. ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் அந்த இதழ் வழக்கமாக ஒரு வரி போடும்: 'இது முழுக்க முழுக்க எழுத்தாளரின் கையால் எழுதப்பட்டது.' அதன் கீழே அவள் கையெழுத்து. அந்த வரியைப் பார்க்க முடியாமல்தான் அவள் அச்சான பக்கத்தைப் பார்ப்பதையே நிறுத்தினாள். படித்தால் திருத்தத் தோன்றும். திருத்த ஆரம்பித்தால் எழுத வேண்டி வரும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆசிரியர் கூப்பிட்டு, தொடரில் உயிர் இல்லை, கடிதங்கள் பாதியாகிவிட்டன என்றார். அதையே செயலியிடம் சொன்னாள். உங்கள் குறிப்புகளைப் படிக்க அனுமதித்தால் உங்கள் நடை எனக்குப் பிடிபடும் என்றது. பஸ்ஸில் கேட்ட பேச்சு, கல்யாண வீட்டில் கேட்ட பேச்சு என்று வருஷக்கணக்கில் போனில் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள். சரி என்று அழுத்தினாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று இரண்டு அத்தியாயங்களை ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தது. இரண்டையும் படிக்காமலே அனுப்பினாள்.

தங்கை தினம் சாயங்காலம் அனுப்பும் குரல் செய்திகளை எழுத்தாக மாற்றி, அதே குறிப்புப் பையில்தான் போன் மூன்று மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கு இப்போது, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், உறைத்தது.

*

தங்கையின் போன் அணைந்திருந்தது. அணைந்துதான் இருக்கும். மாத்திரை பேக்கிங் கம்பெனியில் வேலை. போன், மோதிரம், ஹேர்பின்வரை எல்லாவற்றையும் வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலு மணி வரை ஆளே கிடையாது. கம்பெனியின் லேண்ட்லைனில் வாட்ச்மேன் எடுத்தார். சாவு செய்தியாக இருந்தால்கூட நேரில் வந்துதான் சொல்ல வேண்டும் என்று பெருமையோடு அறிவித்து வைத்துவிட்டார்.

போன் கையிலிருக்கும்போதே மணி அடித்தது. மாப்பிள்ளை.

எடுக்காவிட்டால் தப்பு. எடுத்தாள்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? இந்த வாரம் பிரமாதம் போங்க. ஒன்பது வாரமா சவசவன்னு போச்சு. என்னாச்சு நம்ம அண்ணிக்குன்னு கவலையே வந்துடுச்சு."

அவள் நன்றி சொன்னாள். பாதி நாக்கு வேலை செய்யவில்லை; வார்த்தை வழுக்கியது.

"ஏன் வாய் குளறுது?"

"பல் டாக்டர்கிட்ட இருக்கேன். ஊசி."

"ஓ." பிறகு, ரொம்ப மென்மையாக: "மூணாவது படி பொய் சொல்லும். நம்ம வீட்டுத் தராசு பொய் சொல்லும், சிலிண்டர் பொய் சொல்லும்னு உங்க தங்கச்சி சொல்லிட்டே இருப்பா. உலகத்துல வேற யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல அண்ணி."

"அது நான் எழுதல." சொல்லிவிட்டாள். இருபது வருஷப் பெயரை ஒரே மூச்சில் கழற்றி வைத்தாள். "ஏஐ எழுதினது. பத்து வாரமா அதுதான் எழுதுது. சத்தியமா."

"பத்து வாரமா அதுதான் எழுதுச்சுன்னு தெரியும்," என்றான் அவன். "இது அது இல்ல. இது அவ பேச்சு. சரி, நீங்க பல்லைப் பாருங்க. நான் கிளம்பறேன்."

வைத்துவிட்டான்.

பல்லை யார் பார்த்தார்கள். கைப்பையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நர்ஸ் பின்னாலேயே வந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். கடிகாரக் கடைக்கு ஒன்பது ஸ்டாப்பிங். அவனுக்கு முன்னால் போய்விட வேண்டும். துணிமணியை அள்ளிக்கொண்டு, கம்பெனி வாசலில் நாலு மணிக்கு நின்று, தங்கையை அப்படியே வேறு ஊருக்கு ஏற்றிவிட வேண்டும். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு அவள் வாயிலிருந்து வந்தது ஸ்டாப்பிங்கின் பெயர் மாதிரியே இல்லை. அவரே ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நாலாவது ஸ்டாப்பிங்கில்தான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

இடம் தெரிந்தவன் எதற்காகப் போன் செய்கிறான்?

தெரிந்திருந்தால் சத்தமில்லாமல் போய்ப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பான். 'நான் கிளம்பறேன்' என்று சொல்லிவிட்டா போவான்? இந்த ஊரில் கடிகாரக் கடை எத்தனையோ. பின்பக்கம் மாடி இருக்கிற கடை எது என்று அவன் பையன்கள் கண்டுபிடிக்க இரண்டு நாளாவது ஆகும். அவனுக்கு அத்தனை பொறுமை கிடையாது. குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. தெரிந்தவளைப் பயமுறுத்தினால் போதும். பயந்தவள் நேராக அங்கேதான் ஓடுவாள். பின்னாலேயே நடந்து போனால் ஆயிற்று. குடும்பத்துப் பல் டாக்டர் எங்கே என்று அவனுக்குத் தெரியும், அந்தத் தெருவில் அவன் பையன் ஒருவனாவது இருப்பான்.

இந்தத் தந்திரம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டாம் அத்தியாயம். வில்லன் தோழியைப் பயமுறுத்திவிட்டு அவள் பின்னாலேயே போவான். அதை எந்த இயந்திரமும் எழுதவில்லை. அவளே உட்கார்ந்து, ஒரே நாளில், தன் மூளையை நினைத்து மகிழ்ந்துகொண்டே எழுதினாள். அந்த வாரம் மாப்பிள்ளை போன் செய்து, இதை எங்க அண்ணி பிடிச்சீங்க என்று பாராட்டினான்.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பைக். முதுகில் கூரியர் கம்பெனியின் பச்சைப் பெட்டி. பயப்பட இதில் ஒன்றுமில்லை, ஊர் முழுக்கப் பச்சைப் பெட்டிகள்தான். பஸ் நின்றது, பைக்கும் நின்றது. பஸ் கிளம்பியது. பைக் ஓர் ஆட்டோவுக்கு வழிவிட்டு, அவசரமே இல்லாமல், மறுபடி பின்னால் வந்தது.

கடிகாரக் கடை ஸ்டாப்பிங் வந்தது. மருந்துக் கடை, அதற்கப்புறம் தையல் கடை, அதற்கப்புறம் அந்தக் கடை. கடைக்காரர் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு குனிந்திருந்தார். தொடர்கதைக்காரி அதைப் பார்க்கக்கூடாது. பார்வை எங்கே நின்றது என்பதைக்கூட பின்னால் வருகிறவன் கவனிக்கலாம். கழுத்தை மறுபக்கம் திருப்பி, எதிர்வரிசையில் இருந்த ஒரு குழந்தையை முறைத்துப் பார்த்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. பஸ் நகர்ந்தது.

பஸ் நிலையத்தருகில் இன்னொரு கடிகாரக் கடை உண்டு. அதற்கும் மாடி இருந்தது. அங்கே இறங்கி, பதற்றத்தோடு நாலு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தால், பின்னால் வருகிறவன் அதுதான் என்று முடிவு செய்வான். தொடரில் என்றால் கதாநாயகியை இதைத்தான் செய்ய வைத்திருப்பாள். கம்பியைப் பிடித்து எழுந்தும் விட்டாள். அந்த மாடியில் கொடியில் ஒரு சின்னச் சட்டையும் ஒரு நைட்டியும் காய்வது கண்ணில் பட்டது. யாரோ ஒருத்தி குடியிருக்கிறாள். இன்று ராத்திரி அவள் கதவைத்தான் அவன் தட்டுவான்.

உட்கார்ந்தாள். கடைசி ஸ்டாப்பிங்வரை போய், இறங்கி, நிதானமாக நடந்து, தன் வார இதழின் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

*

அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்புப் பகுதியில் ஒரே மேஜை. அதில் பதினேழு வருஷமாக இருப்பவர் மெய்ப்பம்மா. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

தொடர்கதைக்காரி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மரத்த வாயோடு, முன்னுக்குப் பின்னாக. மெய்ப்பம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரு கோப்பைப் பிரித்து முப்பத்தோராம் அத்தியாயத்தின் மெய்ப்பை எடுத்து வைத்தார். மூன்றாவது படி பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் எழுதியிருந்தது: 'இது யாரோ சொன்ன மாதிரி இருக்கு. யாரோடது? கேட்கவும்.'

"போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேனே."

அனுப்பியிருந்தார். அதன் கீழே, இரண்டே நிமிஷத்தில் வந்த பதிலும் இருந்தது. 'ஓகே, போகலாம்.'

"படிச்சுட்டுத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன்," என்றார் மெய்ப்பம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவரே இன்னொரு தாள்கட்டை முன்னால் தள்ளினார். முப்பத்திரண்டாம் அத்தியாயம், ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டியது. தொடர்கதைக்காரி நின்றுகொண்டே படித்தாள். மாத்திரை பேக்கிங் கம்பெனி இருந்தது. லாக்கர் இருந்தது. ஹேர்பின்கூட இருந்தது. ஒன்றையும் விடவில்லை.

ஆசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இணையத்தில் இருந்த பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். கடைக்குப் போனதை யாரும் திருப்பி வாங்க முடியாது. கையெழுத்துப் போட்டு வாசகரை ஏமாற்றினதைப் பற்றி அப்புறம் பேசிக்கலாம் என்றவர், "அந்த அத்தியாயத்துக்கு மட்டும் காலையிலேருந்து நாப்பது போன் வந்துடுச்சு" என்று முனகியதையும் அவள் கேட்டாள்.

நாலு மணிக்குக் கம்பெனி வாசலில் யாராவது நிற்க வேண்டும். அது அவளாக இருக்கக்கூடாது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்கள். எதிரில் ஜெராக்ஸ் கடை. அதன் நிழலில் பச்சைப் பெட்டிப் பைக். பக்கத்தில் இப்போது ஒரு வெள்ளைக் காரும் நின்றது. கார்மேல் சாய்ந்தபடி, கையில் சுருட்டிய இதழோடு, மாப்பிள்ளை.

"இவனா?" என்றார் மெய்ப்பம்மா. "பார்த்தா பேங்க்ல லோன் குடுக்கறவர் மாதிரி இருக்கார்."

அலுவலகத்துக்குப் பின்பக்கம் ஒரு வாசல் உண்டு. இதழ்க்கட்டு ஏற்றும் வேன் அங்கேயிருந்து போகும். வேனில் தானே போவதாக மெய்ப்பம்மா சொல்லிவிட்டார். தங்கை அவரை எப்படி நம்புவாள்? மூன்று மாதமாக நிழலைக்கூட நம்பாதவள். அவளிடம் ஏதாவது ஓர் அடையாளம் சொல்ல வேண்டும். மூன்றாவது படி என்று சொன்னால் ஆயிரக்கணக்கான பேருக்கு அது தெரியும். தொடர்கதைக்காரி யோசித்தாள். போனில் இல்லாதது எது? தங்கையைப் பற்றி அவள் எங்கேயும் எழுதாத, எதிலும் பதியாத, யாரிடமும் சொல்லாத ஒன்று. தேடத் தேட எல்லாம் ஏதோ ஒரு தொடரில் வந்திருந்தது. தங்கையின் அம்மை. தங்கையின் முதல் காதல். தங்கைக்குக் கலைந்த கரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாய எண் இருந்தது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. "அப்பாவோட மூக்குக்கண்ணாடி ரோஜாத் தொட்டியில இருக்குன்னு சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் உடைச்சுப் புதைச்சது. அப்பாவுக்கே தெரியாது."

மெய்ப்பம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. உதட்டை மட்டும் ஒரு தடவை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினார்.

*

ஜன்னலோர மேஜையில் அவள் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அவள் இருக்கும்வரை அவன் அங்கேயே இருப்பான். அதுதான் ஏற்பாடு.

முப்பத்திரண்டாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளைத்தாளில் புதிதாக எழுத ஆரம்பித்தாள். பத்து வாரமாகப் பேனா பிடிக்காத விரல். முதல் பக்கம் எழுதும்போது எழுத்து கோணலாக விழுந்தது. தலை தூக்கும்போதெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை கை அசைத்தான். அவளும் அசைத்தாள். குடும்பத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் அசைப்பதுதானே.

இரண்டரைக்குப் போன் வந்தது.

"ஆபீஸ்லயே உக்காந்துட்டீங்க?"

"அத்தியாயம் எழுதறேன்."

"நீங்களேவா?" அவன் சிரிப்பு ஜன்னலுக்கு வெளியிலும் காதிலும் ஒரே நேரத்தில் நடந்தது. "எழுதுங்க, எழுதுங்க. நான் வெயிட் பண்றேன். நீங்க வீட்டுக்குப் போகணுமில்ல, கார்லயே கொண்டுபோய் விடறேன்."

அவன் பத்திரமாக வைத்திருந்த இதழைப் பிரித்து மறுபடி படிக்க ஆரம்பித்தான். வரி வரியாக, விரல் வைத்து. தன் எழுத்தை இத்தனை கவனமாகப் படிக்கும் வாசகன் வேறு யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றரை. மூன்றே முக்கால். மருந்தின் வேகம் குறைந்து பல் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. வலி நல்லதாகத்தான் இருந்தது; தலையை ஒரே இடத்தில் கட்டிப் போட்டது. நாலு மணிக்குக் கீழே பார்த்தாள். வெள்ளைக் கார் நின்றது. பைக்கைக் காணோம்.

அடுத்த இருபது நிமிஷம் அவள் எழுதியது என்ன என்று அவளுக்கே தெரியாது. பேனா நின்றால் அவன் கவனிப்பான், அதனால் பேனா ஓடியது. பைக் எங்கே போயிருக்கும்? பின்வாசலுக்கா? வேன் பின்னாலா? பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

நாலு இருபத்திரண்டுக்கு ஆசிரியரின் அறைப் போன் அடித்தது. ஜன்னலிலிருந்து தெரியாத அறை. தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து போனாள்.

தங்கை. பின்னால் வண்டிச் சத்தம்.

"அக்கா. ரோஜாத் தொட்டின்னு சொன்னதும் வேன்ல ஏறிட்டேன். ரூமுக்குப் போகல. துணி போனா போகட்டும்."

"யாராவது பின்னால வந்தாங்களா?"

"இல்ல. ரெண்டு வண்டி மாறிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அந்த அம்மா புக்கைக் காட்டினாங்க. படிச்சேன்."

தொடர்கதைக்காரியிடம் சொல்வதற்கு மன்னிப்பு என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதை இந்தப் போனில் நீட்டுவதற்கு வெட்கமாக இருந்தது.

"ஒவ்வொரு நாளும் உன்கிட்ட மட்டும்தான் பேசினேன்க்கா. இருட்டுல உக்காந்துக்கிட்டு. நீ கேட்டுட்டு அழிச்சிடுவேன்னு நினைச்சேன்."

"நான் எழுதலடி. நான்..."

"நீ எழுதலன்னு தெரியும். நீ எழுதியிருந்தா கொஞ்சம் மாத்தியிருப்ப." அழுகை வரவில்லை தங்கைக்கு, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "இனிமே எங்க இருக்கேன்னு உனக்குச் சொல்லமாட்டேன். தேடாத. போன் நம்பரும் மாத்திடுவேன்."

"சொல்லாத," என்றாள் தொடர்கதைக்காரி. "எனக்குச் சொல்லவே சொல்லாத."

வைத்துவிட்டு, அங்கேயே நின்று, குறிப்புப் பையைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தாள். மூன்று மாதக் குரல். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் கேட்டது. ஆமாம் என்றாள். செயலியின் பக்கத்திலும் போய் அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டேன் என்றது. நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

*

மெய்ப்பம்மா திரும்பி வந்தபோது ஐந்தாக எட்டு நிமிஷம். ஜன்னலுக்குக் கீழே கார் இல்லை. வரவேற்பில் ஒரு கவர் விட்டுப் போயிருந்தான். ஆசிரியருக்கு, வாசகர் கடிதப் பகுதிக்கு. நாலே வரி, அழகான கையெழுத்து: 'முப்பத்தொன்று அபாரம். எத்தனையோ நாளுக்குப் பிறகு எழுத்தாளரின் குடும்பமே கண்முன் வந்தது. இன்று பார்க்கத் தவறியதை அடுத்த வாரம் பார்த்துவிடுவேன் என்று நம்புகிறேன். தவறாமல் படிக்கும் வாசகன்.'

ஆசிரியர் கவரைப் பூட்டி வைத்தார். ஒரு வக்கீலைத் தெரியும், நாளைக்குக் கடிதத்தோடு அவரிடம் போகலாம் என்றார். பத்து அத்தியாயங்கள் தன் கையால் எழுதப்பட்டவை அல்ல என்ற அறிவிப்பைத் தொடர்கதைக்காரி எழுதிக் கொடுத்திருந்தாள். மெய்ப்பம்மா அதைப் படித்து ஒரே ஒரு வரியை அடித்தார். அந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன என்ற வரி. "இதைச் சொல்லாதீங்க. அவன் இதைத்தான் தேடறான்." முழுசாக ஒப்புக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

பிறகு கையால் எழுதிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அச்சகத்திலிருந்து ஆள் வாசலில் நின்றான். மெய்ப்பம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாக. கதாநாயகி ஒரு மலையோர விடுதியில் இருந்தாள். "இது யாரோட விடுதி?" யாருடையதும் இல்லை. "இந்தச் சமையல்காரர்?" இல்லை. "இந்த இருமல்?" அது என் இருமல் என்றாள் தொடர்கதைக்காரி. பென்சில் நகர்ந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் நின்றது. ஒரு வட்டம் போட்டது. மெய்ப்பம்மா தாளைத் திருப்பிக் காட்டினார்.

நாலு மணிக்கும் நாலு இருபதுக்கும் நடுவில் எழுதிய பக்கம் அது. கதாநாயகி விடுதித் தோட்டத்தில் குனிந்து, விரலால் மண்ணைக் கிளறுகிறாள். ரோஜாத் தொட்டி. மண்ணுக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி.

"இது இன்னிக்கு எங்கிட்ட சொன்னதாச்சே," என்றார் மெய்ப்பம்மா.

தொடர்கதைக்காரி அந்த வரியைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். கோணல் எழுத்து, அவள் மை. எழுதிய நினைவே இல்லை. நல்ல வரியாக வேறு இருந்தது.

பென்சிலை வாங்கி அடித்தாள். தாள் கிழியும்வரை அடித்தாள்.

"வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார் மெய்ப்பம்மா.

"தெரியல."

அச்சகத்து ஆளைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷம் என்று மெய்ப்பம்மா கை காட்டினார். தொடர்கதைக்காரி தாள்களை அடுக்கி, முதல் பக்கத்தை மேலே வைத்து, தான் எழுதியதை ஒவ்வொரு வார்த்தையாகப் படிக்க ஆரம்பித்தாள்.